கிரேக்கத்துலயும் சாமி வந்து ஆடற வெளிச்சப்பாடு இருந்தாங்களா? கொடுங்கல்லூர் பக்கத்துப் பழைய துறைமுகம் முசிறி வழியா வந்ததா?

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
போன மீனப் பரணித் திருவிழாவுக்கு வேன் புடிச்சு கொடுங்கல்லூர் பகவதி கோயிலுக்குப் போயிருந்தோம்ங்க. காவு தீண்டல் அன்னிக்கு கூட்டம் கோயிலைச் சுத்தி ஓடிக்கிட்டே குச்சியால கூரைத் தகட்டுல அடிக்குது பாருங்க, அந்த சத்தம் ரெண்டு நாள் காதை விட்டுப் போகல. என் பக்கத்துல ஒரு வெளிச்சப்பாடு அம்மா, அறுபது வயசுக்கு மேல இருக்கும், சிவப்புப் பட்டு, இடுப்புல அரமணி, வாளால நெத்திய வெட்டிக்கிட்டு ரத்தம் மூக்கு வரைக்கும் இறங்கிருச்சு, பேரன் மாதிரி ஒரு பையன் ஒரு கை மஞ்சப்பொடிய அள்ளி அப்பறான், அந்தம்மா சிலம்பு குலுக்கறத நிறுத்தவே இல்ல. திரும்பி வர்றப்ப ஒரு காலேஜ் பையன் சொல்றான், கிரேக்கத்துலயும் ஆயுதம் வச்சு ஆடற பூசாரிங்க உண்டாம், கொரிபான்னு ஏதோ பேரு, முசிறிக்கு கப்பல் வந்தப்ப இதுவும் கூட வந்துருச்சாம். நெசமா?

பழங்கதைப் பைத்தியம்:
கொரிபான்டிஸ். இன்னிக்கு துருக்கில இருக்கற ஃப்ரிஜியா பக்கம் சிபெலேன்னு மலைத்தாய், சிங்கம் கூடவே இருக்கும், அவளுக்கு தலைக்கவசம் போட்டு கைப்பறை, ஜால்ரா, குழலோட ஆடினவங்க. க்ரீட் தீவுல கூரெட்டிஸ்னு வேற கோஷ்டி, ஆனா அந்தக் காலத்துலயே ரெண்டையும் போட்டுக் குழப்பிட்டாங்க, கிரேக்க எழுத்தாளர் ஸ்ட்ராபோ தன் 10ஆம் புத்தகத்துல இந்தக் குழப்பத்தையே பக்கம் பக்கமா எழுதிருக்கார். க்ரீட் கதை நம்ம கம்சன் கதை மாதிரி. அப்பன் குரோனஸ் பொறக்கற புள்ளைங்கள எல்லாம் முழுங்கறான், தாய் ரேயா துணி சுத்தின கல்ல அவன்கிட்ட குடுத்துட்டு புள்ள சீயஸ குகையில ஒளிச்சிட்டா, புள்ள அழறது வெளிய கேக்கக்கூடாதுன்னு கூரெட்டிஸ் சுத்தி நின்னு கேடயத்துல ஈட்டியால அடிச்சு ஆடினாங்க. ஐடா மலைக் குகைய 1880கள்ல தோண்டினப்ப வெண்கலக் கேடயங்க கிடைச்சுது, சிலதுல நடுவுல சிங்கத்தல துருத்திட்டு நிக்கும்.

சித்தூர் இலத்தாளம்:
நான் மேளத்துல தாளம் அடிக்கறவன். அழுகைய மறைக்கறதுக்கு சத்தம்கறது சரியாத்தான் இருக்கு, மேளம் ஏறி வர்றப்ப பக்கத்துல நிக்கறவன் கத்தினாலும் வாய் அசையறதுதான் தெரியும். இன்னொண்ணு, பிளேட்டோ சட்டங்கள்ங்கற நூல்ல சொல்றார், அழுற குழந்தைய தாய் சும்மா வச்சிருக்கறதில்ல, ஆட்டித்தான் தூங்க வைக்கறா, கொரிபான்டிஸ் பூசையில வெறி அடங்கறதும் அப்படித்தான், உள்ள இருக்கற ஆட்டத்த வெளி ஆட்டம் அமுக்குதாம். தொட்டில் ஆட்டின வீட்டுக்கு இத யாரும் சொல்லிக் குடுக்க வேணாம்.

வெறியாட்டு:
முசிறி ஆசை வேண்டாம்ங்க. மிளகு வாங்க கப்பல் வந்தது நெசம், பூசாரி வந்ததுக்கு ஆதாரம் ஒண்ணும் கிடையாது. சிபெலேயோட கருங்கல்ல கி.மு. 204ல ரோமுக்கு கொண்டு போனாங்க, பின்னாடி அங்க மார்ச் 24ன்னா ரத்த நாள், கல்லிங்கற பூசாரிங்க கையக் கீறிக்குவாங்க. மீனப் பரணியும் மார்ச் ஏப்ரல்லதான் வருது, அதுக்காக சொந்தம் கொண்டாட முடியுமா? நம்ம முருகன் பூசாரி வேலனோட வெறியாட்டு தொல்காப்பியத்துலயே இருக்கே. பொண்ணு மெலிஞ்சு போனா தாய்க்காரி வேலனக் கூப்புடுவா, களம் போட்டு ஆட்ட அறுத்து வேலோட ஆடுவான், நோய்க்குக் காரணம் மலைநாட்டுப் பையன்னு தோழிக்கு மட்டும் தெரியும். அங்கயும் கொரிபான்டிஸ் சடங்குல ஆள நாற்காலில உக்கார வச்சு சுத்தி ஆடுவாங்களாம்.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
அந்தப் பையனுக்கு லிங்க் அனுப்பிட்டேன். இன்னும் முசிறியத்தான் புடிச்சுத் தொங்கறான்.