ஐஇடிஎஃப்பில் ஆட்சேபம் எப்போது தீர்ந்ததாகிறது?

நண்பர்களுக்கு வணக்கம். இணையத்துக்கான தொழில்நுட்பத் தரங்களை வகுக்கும் ஐஇடிஎஃப் (IETF) அமைப்பில் நெறிமுறைகள் தரமாக ஏற்கப்படும் விதம் பற்றி மாணவர்களுக்கு ஒரு பாடம் தயாரிக்கிறேன். உதாரணம் குவிக் (QUIC), இணையத்தில் தரவை வேகமாகவும் பாதுகாப்பாகவும் கொண்டுசெல்லும் நெறிமுறை. கூகுள் உருவாக்கிய இதை 2016இல் ஐஇடிஎஃப் பணிக்குழு கையில் எடுத்து, அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து, 2021 மே மாதம் ஆர்எஃப்சி 9000 என்ற எண்ணிட்ட தர ஆவணமாக வெளியிட்டது. கூகுளின் சொந்தக் குறியாக்க முறை போய், அந்த இடத்தில் டிஎல்எஸ் 1.3 என்ற பொதுவான குறியாக்கத் தரம் வந்தது. பெரிய நிறுவனம் கொடுத்தது என்று தலையாட்டவில்லை. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

சிக்கல் பாடத்தின் அடுத்த பக்கத்தில். ஐஇடிஎஃப்பில் வாக்கெடுப்பு கிடையாது. அறையில் இருப்பவர்கள் வாயை மூடியபடி 'ம்ம்' என்று ஒலி எழுப்ப, பணிக்குழுத் தலைவர் மனப்போக்கைக் கணிக்கிறார். (பெண் பார்க்கும் படலத்தில்கூட இதைவிடத் தெளிவாகப் பேசுவார்கள்!) எத்தனை பேர் எதிர்க்கிறார்கள் என்பதைவிட, ஆட்சேபத்துக்குத் தொழில்நுட்ப ரீதியான பதில் உண்டா என்பதே முக்கியம் என்கிறது ஆர்எஃப்சி 7282. பகுதி இயக்குநர் (அத்துறைப் பணிக்குழுக்களின் பொறுப்பாளர்), ஐஇஎஸ்ஜி (பகுதி இயக்குநர்கள் அடங்கிய வழிநடத்தும் குழு), ஐஏபி (இணையக் கட்டமைப்பு வாரியம்) என்று படிப்படியாக மேல்முறையீடு செய்யலாம் என்ற விதியும் தெரியும்.

நடைமுறைதான் பிடிபடவில்லை. பணிக்குழுவில் பங்கேற்றவர்கள் யாராவது இருக்கிறீர்களா? ஆட்சேபித்தவர் கடைசிவரை இறங்கிவராமல், வரைவு மட்டும் முன்னே நகர்ந்த உதாரணம் ஒன்று வேண்டும். திங்கட்கிழமை வகுப்பு, அதற்குள் கிடைத்தால் பேருதவி.