புதுப்பிப்பு: ஐபிஎல் சபதம் என்ன ஆச்சு?

2025 ஐபிஎல் தொடங்கும்போது இங்கே சபதம் போட்டேனே, "ஃபேன்டஸி டீமை இனி குருட்டாம்போக்குல போட மாட்டேன், தினமும் ஒரு மணி நேரம் உழைப்பேன்"னு. அதோட கதை இது. (ஃபேன்டஸி டீம்னா நிஜ வீரர்களை வச்சு நாம போடுற கற்பனை டீம்; ஆட்டத்துல அவங்க ஆடுறதைப் பொறுத்து நமக்குப் புள்ளி.)

குறிப்பு எழுதியே ஒரு நோட்டு தீர்ந்துச்சு. உருப்படியா கத்துக்கிட்டது ஒண்ணுதான்: கேப்டனுக்கு 2 மடங்கு, துணைக் கேப்டனுக்கு 1.5 மடங்கு புள்ளி. மண்டையை உடைச்சுக்க வேண்டியது இந்த ரெண்டு பேருக்காகத்தான்.

டாஸ் முடிஞ்சு ஆட்டம் தொடங்க அரை மணிதான். அந்த நேரம் பார்த்து அம்மா தோசை மாவு வாங்க அனுப்புவாங்க. ஒருநாள் மாவுப் பாக்கெட்டோட கடை வாசல்லயே நின்னு கேப்டனை மாத்தினேன். பழைய கேப்டன் அன்னிக்கு வெளுத்து வாங்கினார்.

கணக்கு? 640 ரூபாய் நஷ்டம். அதே வருஷம் ஆகஸ்ட்ல வந்த ஆன்லைன் விளையாட்டுச் சட்டத்தால காசுப் போட்டியும் நின்னுச்சு. இப்போ நண்பர்களோட வெறும் புள்ளிக்குத்தான் ஆடுறேன். ரெண்டாவது நோட்டு வாங்கியாச்சு.