'மிமிக்' படத்தில் வரும் பயம் நியாயமானதா? குளுவாங் தோட்டத்து ஆட்கள் சொல்லுங்கள்

லம்பாக் அடிவாரம்:
சனிக்கிழமை ராத்திரி நல்ல மழை. வீட்டில் எல்லாரும் தூங்கிய பிறகு 'மிமிக்' என்ற ஆங்கிலப் படம் பார்த்தேன். பெயருக்குப் பாவனை செய்வது என்று அர்த்தம். கில்லெர்மோ டெல் டோரோ 1997இல் எடுத்தது. பார்க்காதவர்களுக்குக் கதை: நியூயார்க்கில் கரப்பான்பூச்சியால் ஒரு நோய் பரவிப் பிள்ளைகள் சாகிறார்கள். கரையானையும் கும்பிடுபூச்சியையும் கலந்து ஒரு புதுப் பூச்சியை உருவாக்கிச் சாக்கடையில் விடுகிறார் ஒரு பெண் விஞ்ஞானி. கரப்பான் ஒழிகிறது. ஒரே தலைமுறையோடு அழிந்துவிடும்படி செய்த அந்தப் பூச்சியோ அழியவில்லை. மூன்றே வருடத்தில் ஆள் உயரத்துக்கு வளர்ந்து, சிறகை மேல்கோட்டு மாதிரி மூடிக்கொண்டு மனிதனைப் போலவே நிற்கிறது.

என் கருத்தை நேராகவே சொல்லிவிடுகிறேன். ஆய்வுக்கூடத்துப் பூச்சியை வெளியே விடுகிற ஒவ்வொருவரும் பார்க்க வேண்டிய படம் இது. நம் மலேசியாவிலும் நடந்ததுதானே? டெங்கிக் கொசுவைக் குறைக்க, பெந்தோங் பக்கக் காட்டில் மரபணு மாற்றிய ஆண் கொசுக்களை விட்டது 2010 டிசம்பரில். ஊருக்குத் தெரிந்தது 2011 ஜனவரியில். சுற்றியிருக்கும் சனங்களைக் கேட்டுவிட்டா செய்தார்கள்?

செம்பனைக் கிராணி:
தம்பி, படம் நானும் பார்த்திருக்கிறேன். பயமாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் குளுவாங்கில் உட்கார்ந்துகொண்டு "பூச்சியை விடாதே" என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. நீங்கள் சாப்பிடுகிற எண்ணெய் எப்படி வருகிறது?

செம்பனை, அதாவது எண்ணெய்ப் பனை, ஆப்பிரிக்க மரம். இங்கே நட்டார்கள், பிடித்துக்கொண்டது. ஆனால் அங்கே அதற்கு மகரந்தம் கடத்துகிற பூச்சி அதோடு சேர்ந்து வரவில்லை. குலை பாதி காயாகவும் பாதி சொத்தையாகவும் நிற்கும். சையது என்ற பாகிஸ்தான் பூச்சியியலாளர் 1977 முதல் கேமரூனில் இருந்து இதை ஆராய்ந்தார். மூன்று நான்கு மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு பழுப்பு வண்டுதான் அந்த வேலையைச் செய்கிறது என்று கண்டுபிடித்தார். வேறு பயிர்களின் மேலெல்லாம் விட்டுப் பார்த்து, செம்பனை ஆண்பூவைத் தவிர எதிலும் அது பெருகாது என்று உறுதியான பிறகுதான் கொண்டுவந்தார்கள். 1981இல் நாட்டிலேயே முதன்முதலாக அதை விட்டது இதே குளுவாங் வட்டாரத் தோட்டத்தில். நாற்பது வருடத்துக்கு மேலாகிவிட்டது. எந்த வண்டு கோட்டு போட்டுக்கொண்டு வந்தது?

படத்து விஞ்ஞானி செய்த பிழை பூச்சியை விட்டது அல்ல, அவசரப்பட்டது. பிள்ளைகள் செத்துக்கொண்டிருக்கும்போது அவசரப்படாமல் யாரால் இருக்க முடியும் என்பது வேறு கேள்வி.

மூணாம் நம்பர் லயம்:
அண்ணே சொல்வது சரி. வண்டு வருவதற்கு முன்னால் அந்த வேலையை யார் செய்தார்கள் என்பதை நான் சொல்கிறேன்.

என் அம்மா செய்தார். மகரந்தத்தை டால்கம் பொடியில் கலந்து, ஊதுகுழலில் அடைத்து, மரம் மரமாகப் போய்ப் பெண்பூவின் பாளையைக் கம்பிக் கொக்கியால் விலக்கி உள்ளே ஊதுவார்கள். மட்டையடி முழுக்க முள். கை எப்போதும் கீறிக் கிடக்கும். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற ஆயாக் கொட்டகையில் நான் காத்திருப்பேன். பொழுது சாயும்போது புருவம் வரை வெள்ளைப் பொடியோடு வருவார். தூக்கினால் என் சட்டையும் வெள்ளையாகிவிடும்.

வண்டு வந்தது, அந்த வேலை போனது. அம்மாவைப் புல்வெட்டுக்கு மாற்றினார்கள். "ஒரு பூச்சி வரப்போகிறது, அதனால் இந்த வேலை இருக்காது" என்று காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற பெரட்டுக் களத்தில் ஒரு வார்த்தை யாரும் சொல்லவில்லை என்று சாகும் வரை சொல்லிக்கொண்டிருந்தார். வண்டின் மேல் அவருக்குக் கோபமே கிடையாது. அதனால் லம்பாக் தம்பி கேட்டதைத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

லம்பாக் அடிவாரம்:
நன்றி அக்கா. நான் கேட்டதும் இதைத்தான். அண்ணே, அந்த வண்டால் கெடுதலே வரவில்லையா?

செம்பனைக் கிராணி:
ஒன்றுமே இல்லை என்று சொன்னால் பொய். வாடிய ஆண்பூவில் வண்டின் புழு இருக்கும். எலிக்கு அது விருந்து, பூவையே பிய்த்துத் தின்னும். குலையின் கட்டமைப்பு மாறியதால் ஆலைக்காரர்களும் திணறினார்கள், கொட்டை அதிகமாகிவிட்டது. இதெல்லாம் கண்ணால் பார்த்துக் கணக்குப் போட்டுச் சரி செய்யக்கூடிய தொல்லை.

உண்மையான பூச்சிப் படம் பார்க்க வேண்டுமானால் 60களுக்குப் போங்கள். அப்போது தோட்டங்களில் எல்லாப் பூச்சியையும் கொல்லும் மருந்தை அள்ளித் தெளித்தார்கள். உலாட் புங்குஸ் என்பது கூடு கட்டிக்கொண்டு ஓலையைத் தின்கிற புழு. அதன் எதிரிகளான சின்னக் குளவிகள் செத்தன. கூட்டுக்குள் ஒளிந்திருந்த புழு தப்பியது. அப்புறம் ஓலையெல்லாம் தீய்ந்த மாதிரி ஆயிற்று. பூச்சியை விட்டதால் வந்த வினை இல்லை அது, பூச்சியைக் கொன்றதால் வந்தது. அதை ஏன் யாரும் படமெடுப்பதில்லை?

ராத்திரி ஷிப்ட்:
இடையில் வருகிறேன். நீங்கள் எல்லாரும் விஞ்ஞானத்தைப் பேசுகிறீர்கள், படத்தை விட்டுவிட்டீர்கள். ஆள் உயரப் பூச்சி நடக்காத காரியம். பூச்சிக்கு நுரையீரல் இல்லை, உடம்போரத் துளை வழியாகத்தான் காற்று. உடல் பெருத்தால் உள்ளே காற்று எட்டாது. 30 கோடி வருடத்துக்கு முன்னால் காற்றில் ஆக்சிஜன் கூடுதலாக இருந்தபோதே, தட்டான் இனத்தில் பெரியது, சிறகை விரித்தால் இரண்டடி சொச்சத்தோடு நின்றுவிட்டது. படம் எடுத்தவர்களும் இதை யோசித்திருக்கிறார்கள், அதனால்தான் அந்தப் பூச்சிக்கு நுரையீரல் வந்துவிட்டது என்று காட்டுகிறார்கள்.

ஆனால் என்னைத் தூங்கவிடாதது உருவம் இல்லை. செருப்புத் துடைக்கும் தாத்தாவின் பேரன் இரண்டு கரண்டியைத் தட்டி அந்தப் பூச்சியின் சத்தத்தை அப்படியே எழுப்புவானே, அந்த இடம். ஊரில் யாருக்கும் தெரியாதது அந்தப் பையனுக்குத் தெரிந்திருக்கிறது. யாரும் அவனைக் கேட்கவில்லை. அம்மாவைப் பற்றி அக்கா எழுதியதைப் படித்ததும் அவன்தான் நினைவுக்கு வந்தான். பார்ப்பதானால் 2011இல் வந்த இயக்குநரின் பதிப்பைப் பாருங்கள். முதலில் வந்ததில் தயாரிப்பாளர் தலையீடு அதிகம், டெல் டோரோவே அதை வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்.

செம்பனைக் கிராணி:
அந்தப் பையனை நான் கவனிக்காமல் விட்டுவிட்டேன், தம்பி. சரியான இடத்தைத் தொட்டீர்கள்.

லம்பாக் தம்பிக்கு ஒன்று. பெந்தோங் கொசுவைப் பற்றி நீங்கள் சொன்னதில் அறிவிப்பு வந்த விதம் தவறு, அதை மறுக்கவில்லை. ஆனால் 2019இல் மட்டும் இந்த நாட்டில் டெங்கி கண்டவர்கள் 1,30,000 பேர், இறந்தவர்கள் 182 பேர். எங்கள் வீட்டு வரிசையிலேயே ஒரு பிள்ளை போனது. சிலாங்கூரில், கொசுவுக்குள் டெங்கிக் கிருமியைப் பெருகவிடாத வோல்பாக்கியா நுண்ணுயிர் ஏற்றிய கொசுக்களை விட்டார்கள், அந்த இடங்களில் டெங்கி குறைந்தது. பயந்து உட்கார்ந்திருந்தால் அதுவும் நடந்திருக்காது.

லம்பாக் அடிவாரம்:
விடவே கூடாது என்று இனி சொல்லமாட்டேன். சொல்லிவிட்டு விடுங்கள். தமிழில் ஒரு நோட்டீஸ், பெரட்டில் பத்து நிமிடம், இவ்வளவுதான் கேட்கிறேன். இதில் நான் மாறுவதாக இல்லை.

அக்கா, ஒரு கேள்வி. செம்பனைக் காட்டுக்கு நடுவிலேயே பிறந்து வளர்ந்தும் அந்த வண்டை நான் பார்த்ததே இல்லை. எங்கே பார்க்கலாம்?

மூணாம் நம்பர் லயம்:
மூக்கை நம்பிப் போங்கள் தம்பி. மலர்ந்த ஆண்பூ சோம்பு வாசனை அடிக்கும், ரசம் தாளிக்கிற வீட்டைத் தாண்டிப் போவது போல இருக்கும். பெண்பூவில் வண்டுக்குத் தீனியும் இல்லை, முட்டையிட இடமும் இல்லை. ஆனாலும் அது அதே வாசனையை விட்டு வண்டை ஏமாற்றி வரவழைக்கும். உங்கள் படத்தின் பெயருக்குப் பொருத்தமான வேலை அது.

காலை பத்து மணிவாக்கில் போங்கள், வெயில் ஏறிய பிறகு. ஆண்பூவில் விரல் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கதிரை வெள்ளைத் தாளின் மேல் பிடித்துத் தட்டுங்கள், பழுப்புப் பொட்டுப் பொட்டாகக் கொட்டும். பூட்ஸ் போட்டுக்கொள்ளுங்கள். மட்டைக் குவியலுக்குள் காலை விடாதீர்கள், பாம்பு இருக்கும்.