திருக்கடையூர் வேன் 🙏 பெரியப்பா 60

சேகர் சித்தப்பா: வேன் காலை 3.30க்கு. செட்ல ப்ளூடூத் இல்லை, யூஎஸ்பி மட்டும். பென்டிரைவ் யாரு?

ரம்யா: கார்த்தி

மீனா அத்தை: முதல்ல சீர்காழி விநாயகர் பாட்டு

கார்த்தி: போகும்போது பக்தி அத்தை. வரும்போது கென்ட்ரிக் லமாரோட 'டேம்'. 2017 ஆல்பம், 14 பாட்டு, 55 நிமிஷம். மாயவரத்துல போட்டா கும்பகோணத்துல முடியும்.

பாலு மாமா: யாரு அது

ரம்யா: ஆரம்பிச்சிட்டான்

கார்த்தி: அமெரிக்க ராப் பாடகர் மாமா. இது 2018ல அமெரிக்காவோட புலிட்சர் பரிசு வாங்கின ஆல்பம். இசைக்கான அந்தப் பரிசு அதுவரை கிளாசிக்கல், ஜாஸ் தாண்டிப் போனதே இல்லை. ஒண்ணுதான், வரிசை மாறக்கூடாது. முதல் பாட்டுல கண் தெரியாத அம்மாவுக்கு உதவப் போறார், அந்தம்மாவே சுட்டுடறாங்க. கடைசி பாட்டு 'டக்வொர்த்', கென்ட்ரிக்கோட அப்பா கதை. கேஎஃப்சி-ல வேலை. ஆண்டனினு ஒருத்தர் அந்தக் கடைல கொள்ளையடிக்கத் திட்டம் போடறார். அப்பா அவருக்கு ஓசில சிக்கனும் கூட ரெண்டு பிஸ்கட்டும் குடுத்து வைக்கிறார், உயிர் தப்புது. பின்னாடி அதே ஆண்டனியோட கம்பெனிதான் பையனைப் பாட வச்சது.

மீனா அத்தை: கோயிலுக்குப் போற குரூப்ல சிக்கன் பேச்சு எதுக்கு

சேகர் சித்தப்பா: ரெண்டு பிஸ்கட்டுக்கு விட்டுட்டானா. இங்க ஒரு மொய் கவருக்கு இன்னும் முகம் குடுக்க மாட்டேங்கறாங்க

பாலு மாமா: அது இங்க வேண்டாம் சேகர்

கார்த்தி: முடிவுல ஒரு துப்பாக்கிச் சத்தம். உடனே ஆல்பமே பின்னாடி சுத்தி முதல் பாட்டுல கதை ஆரம்பிக்கற வரில வந்து நிக்கும். 2017 டிசம்பர்ல இதே 14ஐத் தலைகீழா அடுக்கியும் விட்டாங்க. அப்படிக் கேட்டா உயிர் தப்பறதுல ஆரம்பிச்சு சாவுல முடியும். 7, 8வது பாட்டு 'ப்ரைட்' (கர்வம்), 'ஹம்பிள்' (பணிவு). திருப்பினா அது ரெண்டும் இடம் மாறிக்கும், அவ்வளவுதான். ('ஹம்பிள்'ல பணிவைத் தேடாதீங்க.)

ரம்யா: 1, 2னு பேர் வைக்காதே. செட் 1, 10, 11னு எடுக்கும்

கார்த்தி: 01, 02தான். பழைய செட் சிலது பேரையே பார்க்காது, காப்பி பண்ணின வரிசைல ஓடும். அதனால ஃபேட்32ல ஃபார்மட் பண்ணி ஒவ்வொண்ணா ஏத்தணும். எம்பி3 மட்டும், ஃப்ளாக்னு வர்ற பெரிய ஆடியோ ஃபைலை எடுக்காது. சித்தப்பா, ஷஃபிளை ஆஃப் பண்ணச் சொல்லுங்க.

ரம்யா: கெட்ட வார்த்தை?

கார்த்தி: நீக்கின பதிப்பு இருக்கு. ஆனா ராப்ல வார்த்தைதானே தாளம், 'டிஎன்ஏ' பாட்டு பல்லு விழுந்த மாதிரி ஆயிடும். 'ஃபியர்' மட்டுமாவது கேளுங்க, 7 நிமிஷத்துக்கு மேல. 7 வயசுல அம்மா அடிப்பாங்கனு பயம், 17ல செத்துடுவோம்னு, 27ல சம்பாதிச்சதெல்லாம் போயிடுமோனு.

மீனா அத்தை: 60ல?

பாலு மாமா: மருமக

ரம்யா: 🙄

சேகர் சித்தப்பா: டிபன் மாயவரமா கும்பகோணமா?

பாலு மாமா: வேன் அட்வான்ஸ் இன்னும் 3 பேர் தரலை

கார்த்தி: அப்ப நீக்கின பதிப்பா, முழுசா?

மீனா அத்தை: சீர்காழி ஏத்திட்டியா