ஆலயப் பதிவுத் தளம் இரவில் மட்டும் நின்றுவிடுகிறது, உதவி தேவை

சுங்கை சிப்புட்:
வணக்கம், மலேசியா சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். எங்கள் தோட்டத்து ஆலயத்தின் அர்ச்சனை, பால்குடப் பதிவு இணையத் தளம். பிஎச்பியில் எழுதியது, தகவல்கள் மைஎஸ்கியூஎல் 8 டேட்டாபேஸில், 2 ஜிபி ராம் உள்ள சின்ன சர்வர். பழைய ரசீதுகளும் சேர்ந்து பதிவு டேபிளில் ஏறக்குறைய 2 லட்சம் வரிசை இருக்கும். பகலில் கைப்பேசி எண்ணைப் போட்டால் உடனே வருகிறது, இரவு பூஜை முடிந்து எல்லாரும் ஒரே நேரத்தில் தேடும்போது 20 வினாடி சுற்றிக்கொண்டே இருக்கிறது, சிலருக்குப் பக்கமே வருவதில்லை. தைப்பூசம் நெருங்குகிறது, பெரிய சர்வர் எடுத்துவிடலாம் என்கிறது நிர்வாகம். அது ஜனங்கள் உண்டியலில் போட்ட காசு, தேவையில்லாமல் மாதா மாதம் போகக்கூடாது. எங்கே பார்ப்பது?

ஈப்போ:
தம்பி, சர்வரை இப்போது மாற்ற வேண்டாம். மெதுவாக ஓடும் குவெரிகளை (டேட்டாபேஸிடம் கேட்கும் தேடல்களை) குறித்துவைக்கும் ஸ்லோ குவெரி லாக்கைத் திறந்துவிடுங்கள். எத்தனை வினாடி தாண்டினால் குறிக்க வேண்டும் என்கிற லாங்_குவெரி_டைம் இயல்பாக 10 வினாடி, அதை 1 ஆக்குங்கள். சிக்கும் குவெரிக்கு முன்னால் எக்ஸ்பிளெயின் போட்டால் அது எப்படித் தேடுகிறது என்று காட்டும், வருவதை இங்கே எழுதுங்கள்.

சுங்கை சிப்புட்:
பார்த்தேன் அண்ணே. டைப் (தேடும் விதம்) ஆல், கீ (பயன்படும் இண்டெக்ஸ்) நல், அதாவது எதுவுமில்லை, ரோஸ் (பார்க்கும் வரிசைகள்) 1,98,000 சொச்சம். சிலர் +60 போட்டும் சிலர் நடுவில் கோடு போட்டும் எண்ணை எழுதியிருப்பதால், எண் நடுவில் எங்கே இருந்தாலும் கிடைக்கட்டும் என்று முன்பு செய்தவர் லைக் போட்டு இரு பக்கமும் சதவீதக் குறி வைத்திருக்கிறார். அதோடு நேரத்திலிருந்து தேதியை மட்டும் பிரிக்க டேட்(பூஜை_நேரம்) என்று வேறு இருக்கிறது.

ஈப்போ:
அதேதான். டைப் ஆல் என்றால், ஒரே ஆளைத் தேடக் காலைப் பெரட்டில் (தோட்டத்து ஆள் கணக்கெடுப்பில்) மொத்தப் பேரையும் கூப்பிடுகிற மாதிரி. முன்னால் சதவீதக் குறி இருந்தால் இண்டெக்ஸ் (புத்தகத்தின் பின்னால் உள்ள அகரவரிசைப் பட்டியல் மாதிரி) போட்டும் பயனில்லை. முதலில் மைஎஸ்கியூஎல்டம்ப் கட்டளையால் டேட்டாபேஸுக்கு ஒரு நகல் எடுத்து வையுங்கள். அப்புறம் எண்களை ஒரே வடிவமாக்கி டேபிளில் ஒரு புது காலத்தில் (நெடுவரிசையில்) எழுதுங்கள், எழுத்து வகையான வார்ச்சாராகவே இருக்கட்டும், இல்லாவிட்டால் முதல் 0 போய்விடும். தேடும்போதும் மேற்கோள் குறிக்குள் கொடுங்கள், வெறும் எண்ணாகக் கொடுத்தால் இண்டெக்ஸை அது தொடாது. தேதிக்கு டேட்() வேண்டாம், அன்று 00:00 முதல் மறுநாள் 00:00க்கு முன்வரை என்று கேளுங்கள். எண், நேரம் இரண்டுக்கும் சேர்த்து ஒரே இண்டெக்ஸ், எண் முதலில்.

கிள்ளான்:
மைஎஸ்கியூஎல் தரவுகளை ராமில் வைத்துக்கொள்ளும் பஃபர் பூலையும் பாருங்கள், இயல்பாக 128 எம்பிதான். ராமில் 80 சதவீதம் கொடு என்பார்கள், அது டேட்டாபேஸ் மட்டும் தனியாக ஓடும் சர்வருக்கு. உங்களுக்கு பிஎச்பியும் அதே சர்வரில் என்றால் 512 எம்பி போதும், மேலே போனால் மெமரி தீர்ந்து லினக்ஸே மைஎஸ்கியூஎல்லை நிறுத்திவிடும். தேடிய விடைகளைச் சேமித்துவைக்கும் குவெரி கேஷ் பற்றிய பழைய ஆலோசனையைக் கேட்டுவிடாதீர்கள், 8இல் அது கிடையாது, அமைப்புக் கோப்பில் அந்த வரியைப் போட்டால் மைஎஸ்கியூஎல் எழும்பாது.

சுங்கை சிப்புட்:
சொன்னபடி செய்தேன். இப்போது டைப் ரேஞ்ச், அதாவது இண்டெக்ஸில் வேண்டிய பகுதியை மட்டும் பார்க்கிறது, ரோஸ் 3. நேற்று இரவுக் கூட்டத்திலும் தட்டியவுடன் வந்தது! நிர்வாகத்திடம் சொல்லிவிட்டேன், பெரிய சர்வர் வேண்டாம். முகப்பில் தேர்ப் படங்கள் ஒவ்வொன்றும் 5 எம்பி, தோட்டத்தில் இணைய லைன் வேறு மோசம். எல்லாவற்றுக்கும் லேஸி லோடிங் (அந்த இடத்துக்கு நகர்த்தும்போது மட்டும் படத்தை இறக்குவது) போடட்டுமா?

கிள்ளான்:
முதலில் படங்களின் அகலத்தைக் குறைத்து, கோப்பு சிறிதாகும் வெப்பி வடிவத்துக்கு மாற்றுங்கள். லேஸி லோடிங் கீழே உள்ள படங்களுக்கு மட்டும் போதும், மேலே முதலில் தெரியும் படத்துக்குப் போட்டால் அது இன்னும் தாமதமாகத்தான் வரும்.