அனல் மின் நிலையத்திலிருந்து மும்பையில் அணுமின் எலக்ட்ரிக்கல் டிசைனுக்கு: என்ன படிப்பது, எங்கே தங்குவது?

கேள்வி: நெய்வேலியில் எலக்ட்ரிக்கல் பராமரிப்பு பார்த்துக்கொண்டிருக்கிறேன். அடுத்த மாதம் மும்பையில் அணுமின் திட்டங்களுக்கான டிசைன் அலுவலகத்தில் சீனியர் இன்ஜினியராகச் சேர்கிறேன். எதைப் படித்துவிட்டு வர வேண்டும்? வீடு எந்தப் பக்கம் பார்ப்பது?

பதில் 1: வாழ்த்துகள் சார். அனல் நிலையத்தில் யூனிட் டிரிப் ஆகி நின்றுவிட்டால் எரிபொருளை நிறுத்திவிடலாம். அணு உலையில் டிரிப்புக்குப் பிறகுதான் நம் வேலையே ஆரம்பம். 700 மெகாவாட் கனநீர் உலையின் வெப்பத்திறன் சுமார் 2,160 மெகாவாட். நிறுத்திய கணத்திலும் அதில் 6, 7 சதவீதம், ஏறத்தாழ 140 மெகாவாட், கதிரியக்கச் சிதைவு வெப்பமாக வந்துகொண்டிருக்கும். நேரம் போகப் போகக் குறையும், ஆனால் பூஜ்யமாகாது.

அந்த வெப்பத்தை எடுக்கும் பம்புகளுக்கு மின்சாரம் கிடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அதனால்தான் மின்சாரத்தை நான்கு கிளாஸாகப் பிரிக்கிறார்கள். கிளாஸ் 4 கிரிட்டிலிருந்தும் நிலையத்தின் ஜெனரேட்டரிலிருந்தும் வருவது. அது போனால் டீசல் செட் எடுத்துக்கொள்வது கிளாஸ் 3. இன்வெர்ட்டர் வழியாக இடைவிடாமல் வரும் ஏசி கிளாஸ் 2, பேட்டரியிலிருந்து வரும் டிசி கிளாஸ் 1. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியமான ஏஇஆர்பியின் டி-11 வழிகாட்டி இதற்கானதுதான். அதை முதலில் படியுங்கள்.

படிப்பைக் கிளாஸ் 1-இலிருந்து தொடங்குவது நல்லது. 220 வோல்ட் டிசிக்கு எத்தனை செல் வைப்பீர்கள்? ஒரு செல் 2 வோல்ட் என்பதால் 110 என்று கை தானாக எழுதும். ஃப்ளோட்டில், அதாவது பேட்டரியை எப்போதும் முழுச் சார்ஜில் வைத்திருக்கும்போது, செல்லுக்கு 2.25 வோல்ட் என்றால் 247.5 வருகிறது, ரிலே, காயில்களின் உச்சவரம்பான 110 சதவீதம் 242 தான். 107 செல் போட்டால் ஃப்ளோட் 240.75, சரி. இனி மறுமுனை: செல் 1.85 வோல்ட்டுக்கு இறங்கும்போது பேட்டரி முனையில் சுமார் 198. பிரேக்கரை மூடி இணைப்புக் கொடுக்கும் குளோசிங் காயிலுக்கு 85 சதவீதம், அதாவது 187 வோல்ட் வேண்டும். ஆகக் கேபிளில் இழக்க உங்களிடம் இருப்பது 11 வோல்ட். இந்தக் கணக்கில் கோட்டைவிட்டால், பேட்டரியில் சார்ஜ் இருந்தும் டீசல் செட்டின் பிரேக்கர் மூடாது. பிரேக்கரைத் திறக்கும் டிரிப் காயில் 70 சதவீதத்திலேயே வேலை செய்துவிடும் என்பதால் சோதனையில் டிரிப்பை மட்டும் பார்த்தால் குறை தெரியாது. வேகமாகச் சார்ஜ் ஏற்றும் பூஸ்ட் சார்ஜுக்கு செல்லுக்கு 2.33 வோல்ட் என்றால் 249 ஆகும். லோடைப் பிரித்துவிட்டுத்தான் செய்ய வேண்டும்.

பேட்டரியின் கொள்ளளவுக் கணக்குக்கு ஐஇஇஇ 485 தரநிலை. பேட்டரியின் முதுமைக்காக 1.25-ஆல் பெருக்குவார்கள். கொள்ளளவு 80 சதவீதத்துக்கு இறங்கிய பேட்டரியை மாற்ற வேண்டும் என்பதிலிருந்து வந்த எண் அது.

பதில் 2: மேலே சொன்னதோடு உத்தரப் பிரதேசத்தின் நரோரா அணுமின் நிலைய விபத்தையும் படியுங்கள். 1993 மார்ச் 31-இல் முதல் யூனிட்டில் டர்பைன் பிளேடு உடைந்து, ஹைட்ரஜன் கசிந்து தீப்பிடித்தது. வெவ்வேறு சப்ளைகளின் கேபிள்கள் போதிய இடைவெளியும் தீத்தடுப்பும் இல்லாமல் ஓடியதால் நெருப்பு எல்லாவற்றையும் சேர்த்தே பறித்தது. சுமார் 17 மணி நேரம் நிலையத்தில் முழு இருட்டடிப்பு. டீசலில் ஓடும் தீயணைப்புப் பம்புகள்தான் நீராவி ஜெனரேட்டர்களுக்குத் தண்ணீர் கொடுத்தன. மின்சுற்றைச் சுருக்கிக் காட்டும் ஒற்றைக்கோட்டு வரைபடத்தில், ஒன்று போனால் மற்றது இருக்கட்டும் என்று வைத்த இரண்டு டிவிஷன் தனித்தனியாகத் தெரியும். கேபிள்கள் போகும் டிரேக்களின் லேஅவுட்டைத் திறந்து பாருங்கள், சில இடத்தில் இரண்டும் ஒரே அறையைக் கடக்கும். சீனியர் என்ற முறையில் நீங்கள் கையெழுத்துப் போடுமுன் பார்க்க வேண்டியது அந்த லேஅவுட்டைத்தான்.

அமெரிக்காவின் பைரன் நிலையத்தில் 2012 ஜனவரியில் சுவிட்ச்யார்டு இன்சுலேட்டர் உடைந்து மூன்று ஃபேஸில் ஒன்று மட்டும் அறுந்தது. மின்னழுத்தம் குறைவதைக் கண்காணிக்கும் அண்டர்வோல்டேஜ் ரிலேக்கள் அதைக் கிரிட் இழப்பாக எடுத்துக்கொள்ளவில்லை, டீசல் செட்டுக்கு மாறவில்லை. இப்படி ஒரு ஃபேஸ் அறுந்தால் கண்டுபிடிக்கும் ஓப்பன் ஃபேஸ் பாதுகாப்பு உங்கள் டிசைனில் எங்கே இருக்கிறது என்று முதல் வாரமே கேளுங்கள்.

பதில் 3: வீட்டு விஷயம். அலுவலகம் அணுசக்தி நகர் பக்கம் என்றால் மான்குர்ட் ஸ்டேஷன், ஹார்பர் லைன். செம்பூரில் நம் தமிழ் ஆட்கள் நிறைய, செட்டா நகரில் முருகன் கோயிலும் உண்டு. வாடகை கட்டுப்படியாகவில்லை என்றால் வாஷி, மான்குர்ட்டுக்கு அடுத்த ஸ்டேஷன். தரைத்தளம் வேண்டாம், ஜூனில் மழை வந்தால் தெரியும். வாடகை ஒப்பந்தம் இங்கே பெரும்பாலும் 11 மாத லீவ் அண்ட் லைசென்ஸ், அதாவது தங்குவதற்கான அனுமதி ஒப்பந்தம். அதையும் பதிவு செய்தே ஆக வேண்டும், பதிவு செய்ய வைப்பது வீட்டுக்காரர் பொறுப்பு.

வேலையில் சேர்ந்ததும் போலீஸ் சரிபார்ப்புப் படிவம் வரும். கடந்த 5 ஆண்டுகளில் ஓராண்டுக்கு மேல் தங்கிய எல்லா முகவரிகளையும் அந்தந்தக் காவல் நிலையப் பெயரோடு கேட்பார்கள். நெய்வேலி குவார்ட்டர்ஸ் காலி செய்த கடிதத்தை ஊரை விட்டுக் கிளம்புமுன் வாங்கிவிடுங்கள். இங்கிருந்து கேட்டால் மாதக்கணக்கில் இழுக்கும், அதுவரை சைட்டுக்கு உள்ளே போக அனுமதி கிடைப்பது கஷ்டம்.