படகுப் பெயர் ஸ்டிக்கர்: கொடி எழுத்து துண்டு துண்டாக வெட்டுப்படுகிறது, உதவி தேவை

கேள்வி: பாம்பன், ஸ்டிக்கர் கடை

வணக்கம். மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14-ஓடு முடிகிறது. கரையேற்றிய விசைப்படகுகளுக்குப் பெயிண்ட் வேலை முடிந்தது, அணியத்தில் பெயர் ஒட்டுவதுதான் பாக்கி. ஒரு அண்ணன் ‘ஸ்டெல்லா மாரிஸ்’ என்று ஆங்கிலத்தில், கல்யாணப் பத்திரிகையில் வருமே, அந்தக் கொடி எழுத்தில் கேட்டார். எட்வர்டியன் ஸ்கிரிப்ட் எழுத்துருவில், கோரல் டிரா என்ற டிசைன் மென்பொருளில் இரண்டரை அடி நீளத்துக்கு வைத்தேன். திரையில் அவ்வளவு அழகு. மெஷினில் ஸ்டிக்கராக வெட்டி உரித்தால், எழுத்தும் எழுத்தும் சேரும் இடமெல்லாம் குறுக்கே வெட்டு. இரண்டு ‘எல்’லுக்கு நடுவே நகத்தளவு துண்டு தனியாகக் கையோடு வந்துவிட்டது. மயிரிழைக் கோடுகள், எடுத்து ஒட்டும் டேப்பை விட்டு இறங்கவே இல்லை. எழுத்தைக் கர்வாக (வெறும் கோட்டு வடிவமாக) மாற்றி, உடைத்து, வெல்ட் செய்தும் (ஒன்றாக இணைத்தும்) பார்த்தேன். ‘ஏ’, ‘ஈ’ உள்ளே இருக்கும் ஓட்டை அடைத்துக்கொண்டது. என்ன செய்ய?

பதில்: கீழக்கரை, அச்சகம்

தம்பி, எழுத்துருவில் கோளாறு இல்லை. கொடி எழுத்தில் ஒன்றின் வால் அடுத்ததன் மேல் ஏறித்தான் உட்காரும். அச்சில் மை மூடிவிடும். ஸ்டிக்கர் வெட்டும் பிளாட்டர் மெஷினுக்கோ ஓரக்கோடு மட்டும்தான் தெரியும். ஓரக்கோட்டை மட்டும் காட்டும் ஒயர்ஃபிரேமில் பாருங்கள், கோடுகள் வெட்டிக்கொள்வது அப்படியே தெரியும்.

வரிசை மாறியதால்தான் ஓட்டை அடைத்தது. கர்வாக்கும் முன்பே கண்ட்ரோல்-கே கொடுத்துத் தனித்தனி எழுத்தாகப் பிரியுங்கள். அப்புறம் எல்லாவற்றையும் பிடித்து கண்ட்ரோல்-க்யூ கொடுத்துக் கர்வாக்கி, கடைசியாக வெல்ட். கர்வான பிறகு உடைத்தால் ஓட்டையும் தனி வடிவமாகப் பிரிந்து, வெல்டில் கரைந்துவிடும்.

பதில்: ராமநாதபுரம், போர்டு ஆர்ட்டிஸ்ட்

மயிரிழையையும் கவனியுங்கள். எட் பெங்கியட் 1994-ல் வெளியிட்ட எழுத்துரு அது, கூர்முனைப் பேனாவின் எழுத்தைப் பார்த்து வரைந்தது. பேனா மேலே ஏறும்போது மெல்லிசு, கீழே இறங்கும்போது அழுத்தம். அதன் அழகே அந்த ஏற்ற இறக்கம்தான். ஆனால் கடற்காற்றில் மெல்லிய கோடுதான் முதலில் கிளம்பும். வெல்ட் முடிந்ததும் ஒரு மில்லிமீட்டர் அவுட்லைன் கொடுத்து, அதையும் வடிவமாக்கி, மறுபடி வெல்ட் செய்யுங்கள். அதற்கு மேல் போனால் எழுத்து ஊதிவிடும். இடைவெளியை இழுக்காதீர்கள், கண்ணி அறுந்துவிடும். எல்லாமே கேப்பிட்டல் வேண்டுமென்று அண்ணன் கேட்டாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். அந்தச் சுருள்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் பெயரையே வாசிக்க முடியாது.

பாம்பன், ஸ்டிக்கர் கடை

அண்ணே, இரண்டு ‘எல்’லும் ஒரே உடம்பாக உரிந்து வந்தது! ஓட்டைகளும் அப்படியே இருக்கின்றன. ரொம்ப நன்றி. கீழே அதே பெயரைத் தமிழிலும் கேட்கிறார். எதைப் போடலாம்?

பதில்: கீழக்கரை, அச்சகம்

கவிவனார் போட்டுப் பாருங்கள். தாரிக் அஸீஸ் வரைந்தது, கூகுள் ஃபாண்ட்ஸில் இலவசம். சாய்ந்த கையெழுத்து மாதிரி இருக்கும். எழுத்துகள் கோத்து வராததால் இந்தத் தலைவலி கிடையாது.

ஒட்டும் முன் நல்ல தண்ணீரில் துணியை நனைத்துத் துடைத்துக் காயவிடுங்கள், ஒரு ராத்திரியிலேயே உப்பு படிந்திருக்கும். பெயிண்ட் விரலில் பிசுபிசுத்தால் இன்னும் இரண்டு நாள் பொறுங்கள். இல்லாவிட்டால் ஸ்டிக்கருக்குள் குமிழ் கிளம்பும்.